மேஜர் டெய்லரின் மிதிவண்டி

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு மிதிவண்டி முதலில் அறிமுகமானது வாடகைக் கடையில்தான். மணிக் கணக்கில் எடுத்து, இருக்கைக்கு எட்டாத காலைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். தறிச் சத்தம் ஓயாத அந்த நெசவாளர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறையாவது வெளியூர்க்காரர் ஒருவர் வருவார். திடலின் நடுவே கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, அதைச் சுற்றி இரவு பகலாக மிதிவண்டி ஓட்டுவார். ஏழு நாள்கள் கால் தரையில் படக் கூடாது என்பது கணக்கு. வண்டியில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், முகம் மழிப்பார். பாவு தோய்க்கும் வேலையை முடித்துவிட்டு வரும் பெண்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். ஐந்தாம் நாள் இரவில் அவர் கண்களைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருக்கும். எட்டாம் நாள் காலை திடலில் கம்பம் நட்ட குழி மட்டும் இருக்கும். அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், பின்னர் என்ன ஆனார் என்று யாரும் கேட்டதில்லை.

இதே வித்தையை நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், மின்விளக்கொளியில், ஆயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்திப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1896 டிசம்பரில் அங்கே நடந்த ஆறு நாள் பந்தயத்தில் பதினெட்டு வயது நிரம்பிச் சில நாள்களே ஆன கறுப்பின இளைஞர் ஒருவர் கலந்து கொண்டார். பந்தயம் முடிந்தபோது ஏறத்தாழ 142 மணி நேரத்தில் 1,732 மைல், அதாவது 2,780 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டியிருந்தார். எட்டாவது இடம் கிடைத்தது. உறக்கமின்மையால் மனம் குழம்பி, யாரோ கத்தியுடன் துரத்தி வருவதாக அவர் அலறியதை அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. மூன்றே ஆண்டுகளில் அவர் உலக சாம்பியன் ஆனார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குள், உரிமை கோர ஆளில்லாத சடலமாக ஏழைகளுக்கான புதைகுழியில் இடப்பட்டார். அவர் பெயர் மார்ஷல் வால்டர் டெய்லர். உலகம் அறிந்த பெயர் மேஜர் டெய்லர்.

அவர் ராணுவத்தில் பணியாற்றியவர் அல்லர். அந்தப் பட்டம் வந்த கதை வேறு.

1878 நவம்பர் 26 அன்று இண்டியானாபொலிஸ் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை கில்பர்ட் உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் நின்று போரிட்டவர். போருக்குப் பின் கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு வடக்கே குடிபெயர்ந்து, செல்வந்தரான சதர்ட் என்ற வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் டேனியலுக்கு விளையாட்டுத் துணை தேவைப்பட்டது. எட்டு வயது மார்ஷல் அந்த வீட்டிலேயே தங்கி வளர்ந்தான். டேனியலுக்கு வந்த ஆசிரியர் இவனுக்கும் பாடம் சொன்னார். டேனியலுக்குக் கிடைத்ததுபோல் இவனுக்கும் ஒரு மிதிவண்டி கிடைத்தது. அப்போது மிதிவண்டி பணக்காரர் வீட்டுப் பொருள். நண்பர்கள் எல்லாரும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, தோல் நிறம் காரணமாக இவனுக்கு மட்டும் அனுமதி இல்லை. மாடத்தில் நின்று அவர்கள் பயிற்சி செய்வதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தன்னைத் துன்புறுத்திய முதல் பேதம் அதுவே என்று பிற்காலத்தில் தன் வரலாற்றில் அவர் எழுதினார்.

சில ஆண்டுகளில் சதர்ட் குடும்பம் சிகாகோவுக்குப் பெயர்ந்தது. மகனைப் பிரியத் தாய் சம்மதிக்கவில்லை. செல்வச் சிறுவனாக வளர்ந்தவன் மீண்டும் ஏழை வீட்டுக்கு வந்து, அதே மிதிவண்டியில் செய்தித்தாள் போட்டான். வண்டியில் வித்தைகள் செய்யத் தானாகவே கற்றுக் கொண்டான். இதைக் கண்ட ஹே-வில்லிட்ஸ் என்ற மிதிவண்டிக் கடைக்காரர்கள், கடைவாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க அவனை வேலைக்கு வைத்தார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த ராணுவச் சீருடை அணிவித்தார்கள். கூடி நின்றவர்கள் மேஜர் என்று அழைத்தார்கள். வேடிக்கைக்குச் சூட்டிய பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக் கொண்டது.

முதல் பந்தயமும் வேடிக்கையாகவே தொடங்கியது. பத்து மைல் பந்தயம் ஒன்றின் தொடக்கக் கோட்டில் பார்வையாளனாக நின்ற சிறுவனை, கூட்டத்தைச் சிரிக்க வைக்கக் கடைக்காரர் வரிசையில் நிறுத்தினார். சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார். சிறுவன் திரும்பவில்லை. பரிசுப் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனான்.

இந்த இடத்தில் லூயிஸ் மங்கர் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் செல்வது நியாயமாகாது. பெரிய முன்சக்கரம் வைத்த பழைய வகை வண்டிகளில் புகழ்பெற்ற பந்தய வீரர் அவர். ஓய்வுக்குப் பின் மிதிவண்டி தயாரிப்பாளர் ஆனார். வெள்ளையர். டெய்லரைத் தன் வீட்டு வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் சேர்த்துக் கொண்டவர், மெல்ல மெல்லப் பயிற்சியாளராகவும் தந்தை போலவும் ஆனார். கறுப்பினச் சிறுவனுக்கு இத்தனை இடம் தருவதைத் தொழில் கூட்டாளிகள் விரும்பவில்லை. மங்கர் கூட்டாளிகளை விட்டார், சிறுவனை விடவில்லை. 1895-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் நகருக்குத் தொழிலை மாற்றிக் கொண்டபோது டெய்லரையும் உடன் அழைத்துச் சென்றார்.

அதற்குச் சற்று முன், அதே ஆண்டில், இண்டியானாவில் 75 மைல் சாலைப் பந்தயம் ஒன்று நடந்தது. டெய்லர் கலந்து கொள்வது முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்பதால், தொடக்க ஒலி கேட்கும் வரை அவர் மறைந்து நிற்க வேண்டியிருந்தது. எல்லாரும் புறப்பட்ட பிறகு பின்னால் சேர்ந்து கொண்டார். கண்டுகொண்ட மற்ற வீரர்கள் ஏசினார்கள், மிரட்டினார்கள். ஆள் நடமாட்டமற்ற சாலையில் அடி விழும் என்று அஞ்சிய டெய்லர், அந்த அச்சத்தினாலேயே வேகத்தைக் கூட்டினார். பரிசாகக் கிடைத்த வீட்டுமனைப் பத்திரத்தைத் தாயிடம் கொடுத்தார். துரத்துபவனிடமிருந்து தப்புவதற்காக ஓட்டிய ஓட்டம்தான் அவருடைய பந்தய முறையாகவும் பின்னர் அமைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வுஸ்டரில் ஒய்.எம்.சி.ஏ. கதவு அவருக்குத் திறந்தது. அந்த நகரில் ஜார்ஜ் தெரு என்றொரு செங்குத்தான மேட்டுத் தெரு இருக்கிறது. இறங்காமல் அதில் மிதித்து ஏறுவது உள்ளூர் இளைஞர்களுக்குப் பெரிய சவால். டெய்லர் ஏறிக் காட்டினார். ஊர் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக் கொண்டது, ஓரளவுக்கு.

1890-களின் அமெரிக்காவில் மிதிவண்டிப் பந்தயம் எத்தகைய இடத்தில் இருந்தது என்பதை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். மோட்டார் வாகனம் இன்னும் பரவலாகச் சாலைக்கு வரவில்லை. மனிதன் தன் சொந்த வலிமையால் அடையக்கூடிய அதிகபட்ச வேகம் மிதிவண்டியில்தான் இருந்தது. நகரத்துக்கு நகரம் மரப்பலகைகளால் ஆன சரிவு வளைவுத் தடங்கள் எழுந்தன. தேர்ந்த பந்தய வீரரின் ஆண்டு வருமானம் பேஸ்பால் வீரர்களுடையதை மிஞ்சியது. பணமும் புகழும் சேரும் இடத்தில் வேலி எழுவதும் இயல்பு. அமெரிக்க மிதிவண்டியோட்டிகள் சங்கம் 1894-இல் தன் விதியைத் திருத்தி, உறுப்பினராக வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்று ஆக்கியது. அந்தத் தடை முறைப்படி நீக்கப்பட்டது 1999-இல். எழுத்துப் பிழையல்ல, நூற்றைந்து ஆண்டுகள் அந்த வாசகம் ஏட்டில் கிடந்தது.

சங்க உறுப்பினராக முடியாவிட்டாலும், தொழில்முறை வீரராகப் பந்தயம் ஓட்ட அவருக்கு உரிமம் கிடைத்தது. இருபதாம் வயதுக்குள் அவர் நாட்டின் முன்னணி வீரர்களுள் ஒருவராகிவிட்டார். ஆனால் தென் மாநிலங்களில் பந்தய அமைப்பாளர்கள் அவருடைய பதிவை ஏற்க மறுத்தார்கள். சாம்பியன் பட்டம் பல நகரங்களில் சேர்க்கும் புள்ளிகளைக் கொண்டு முடிவாகும் முறை அப்போது இருந்தது. பாதி நாட்டில் நுழையவே முடியாதவர் புள்ளி சேர்ப்பது எப்படி? 1897-இல் அந்தப் பட்டம் அவ்வாறே கை நழுவியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸின் டான்டன் நகரில் பந்தயம் முடிந்தவுடன், தோற்ற வெள்ளை வீரர் ஒருவர் அவரை வண்டியிலிருந்து இழுத்துக் கழுத்தை நெரித்தார். காவலர்கள் வந்து பிரித்தபோது டெய்லர் நினைவிழந்து கிடந்தார். நெரித்தவருக்குக் கிடைத்தது அபராதம் மட்டுமே.

தடத்தின் மேல் நடந்தது இன்னும் நுட்பமானது. விரைவோட்டப் பந்தயத்தில் காற்றின் எதிர்ப்பே முதல் பகை. முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிக் கொண்டால் காற்று குறையும், உழைப்பும் குறையும். ஆகவே யாரும் முன்னே செல்ல விரும்ப மாட்டார்கள். கடைசி வளைவு வரை ஒருவரையொருவர் வேவு பார்த்தபடி மெல்லச் செல்வார்கள். டெய்லர் கலந்து கொண்டால் மற்றவர்களுக்குள் பேச்சு முடிந்திருக்கும். ஒருவர் முன்னே, ஒருவர் பக்கத்தில், ஒருவர் பின்னே என்று அவரைப் பெட்டிக்குள் அடைப்பது போல் அடைத்துவிடுவார்கள். யார் வென்றாலும் பரிசைப் பங்கிட்டுக் கொள்வார்கள். முழங்கையால் இடிப்பது, சக்கரத்தை உரசி வீழ்த்துவது ஆகியவையும் உண்டு. டெய்லர் இதற்குக் கண்டறிந்த விடை இரண்டு. ஒன்று, தொடக்கத்திலேயே யாரும் எட்டாத முன்னிலைக்குச் சென்றுவிடுவது. மற்றொன்று, அடைபட்ட நிலையில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி தென்பட்ட கணத்தில் வெடித்துப் பாய்வது. அதற்கேற்ப உடலை முன்னோக்கித் தாழ்த்திச் செல்ல, கைப்பிடியை முன்னே தள்ளி வைக்கும் நீட்டிப்புத் தண்டு ஒன்றைப் பயன்படுத்தினார். பழைய மிதிவண்டிகளைச் சேகரிப்பவர்கள் அந்தத் தண்டை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

1899 ஆகஸ்ட் 10. கனடாவின் மான்ட்ரியால் நகரில் உலக சாம்பியன் போட்டி. ஒரு மைல் விரைவோட்டத்தில் டெய்லர் முதலாவதாக வந்தார். விளையாட்டுத் துறையில் உலக சாம்பியனான கறுப்பினத்தவர் வரிசையில் அவர் இரண்டாமவர்; முதல்வர் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சன். வெற்றி வலம் வந்தபோது வாத்தியக் குழு அமெரிக்க நாட்டுப்பண்ணை இசைத்தது. தன் நாட்டின் பாதித் தடங்களில் நுழைய முடியாத ஒருவருக்காக, அயல்நாட்டு மண்ணில் அந்தப் பண் ஒலித்தது. தன்னை அமெரிக்கன் என்று அந்தக் கணத்தில் உணர்ந்த அளவுக்கு அதுவரை உணர்ந்ததில்லை என்ற பொருளில் டெய்லர் பின்னர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில், வழிகாட்டி வண்டி ஒன்று முன்னால் காற்றைக் கிழித்துச் செல்ல, ஒரு மைல் தூரத்தை 1 நிமிடம் 19 விநாடியில் கடந்தார். மணிக்கு 73 கிலோமீட்டர் வேகம்.

1900-இல் வுஸ்டரில் நல்ல பகுதி ஒன்றில் வீடு வாங்கினார். வாங்கியவர் யார் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்ததும் கொந்தளிப்பு ஏற்பட்டது. வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறோம், விற்றுவிடு என்று பேரம் பேசினார்கள். அவர் அசையவில்லை. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்ற கேள்வி நமக்கு அந்நியமானதல்ல; விளக்கம் தேவையில்லை.

அதே காலத்தில் நம் நாட்டில் வாழ்ந்த மற்றொருவர் நினைவுக்கு வருகிறார். பல்வங்கர் பாலு, டெய்லரைவிட ஓரிரு ஆண்டுகள் மூத்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புணேயில் ஆட்டக்களத்தில் அவர் பந்தைத் தொடலாம். இடைவேளையில் மற்றவர்களுடன் அமர்ந்து தேநீர் அருந்த முடியாது. வெளியே நின்று மண்குவளையில் குடிக்க வேண்டும். 1911-இல் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவருக்கு, இந்துக்கள் அணியின் தலைமை கடைசி வரை கிடைக்கவில்லை. ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஒருவர் வாழ்க்கையின் பக்கத்தைக் கிழித்து மற்றவர் வாழ்க்கையில் ஒட்டினால் ஒட்டிக் கொள்ளும்.

டெய்லருக்கு ஐரோப்பாவிலிருந்து பல அழைப்புகள் வந்தன. அவர் போகவில்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமை. தாயிடமிருந்து பெற்ற ஆழ்ந்த கிறித்துவப் பற்று அவருக்கு உண்டு. ஞாயிறன்று பந்தயம் ஓட்டுவதில்லை என்பது அவர் கொள்கை. ஐரோப்பாவில் பெரும் பந்தயங்கள் ஞாயிறன்றே நடக்கும். எத்தனை ஆயிரம் டாலர் கூட்டினாலும் மறுத்தார். இறுதியில் அமைப்பாளர்கள் இறங்கி வந்தார்கள். ஞாயிறு தவிர்த்த ஒப்பந்தத்தில் 1901-இல் கப்பலேறினார்.

பாரிஸ் அவரைக் கொண்டாடியது. செல்லும் இடமெல்லாம் கூட்டம். சிற்றுண்டிச் சாலை வாசலில் அவர் நின்றால் தெரு அடைபட்டது. பிரெஞ்சு வீரர் எட்மண்ட் ஜாக்லின் முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். இருவரும் மோதும் போட்டி மே 16 அன்று பார்க் தெ பிரின்ஸ் தடத்தில் நடந்தது. குளிர் மிகுந்த நாள். டெய்லர் தோற்றார். வென்ற ஜாக்லின் மூக்கில் கட்டைவிரலை வைத்து அவரைப் பரிகசித்தார். பதினொரு நாள்கள் கழித்து மறுபோட்டி. இம்முறை வெயில். டெய்லர் இரண்டு சுற்றிலும் வென்றார். இடுப்பில் செருகியிருந்த பட்டுக் கொடியை எடுத்து ஜாக்லின் முகத்துக்கு நேரே அசைத்தார். தடத்தின் மேலாளர் ஆன்ரி தெகிராஞ்சுக்கு ஏற்பட்ட கோபத்தில், பரிசுத் தொகை முழுவதையும் பத்து சென்டிம் சில்லறைக் காசுகளாகவே கொடுத்தார் என்றும், அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது என்றும் ஒரு கதை உண்டு. இந்தத் தெகிராஞ்சே இரண்டு ஆண்டுகள் கழித்து உலகப் புகழ்பெற்ற டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கினார்.

1902-இல் டெய்சி மோரிஸ் என்பவரை மணந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா. வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை முந்தைய ஆண்டுதான் அந்த நாடு இயற்றியிருந்தது. ஆனால் விருந்தாளியாக வந்த கறுப்பின வீரரைச் சிட்னி மக்கள் கப்பலடிக்கே வந்து வரவேற்றார்கள். சட்டம் ஒன்று சொல்ல, சனங்கள் வேறொன்று செய்யும் விசித்திரம் எங்கும் நடப்பதுதான். இரண்டாம் முறை சென்றபோது கதை மாறியது. ஃபிளாய்ட் மெக்ஃபார்லண்டு என்ற அமெரிக்க வீரரும் அங்கே வந்து சேர்ந்தார். பழைய பெட்டியடைப்பு உத்திகளும் அவருடன் கப்பலேறி வந்தன. அந்தப் பருவத்தில் டெய்லருக்கு மிஞ்சியவை காயங்களும் கசப்பும். ஒரே மகிழ்ச்சி, 1904 மே மாதம் சிட்னியில் பிறந்த மகள். அந்த நகரின் பெயரையும் சேர்த்து ரீட்டா சிட்னி என்று பெயரிட்டார்கள்.

கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது சொந்த நாடு அவர்களை வரவேற்ற விதம், உணவகம் தேடி அலைந்தபோது தெரிந்தது. பல இடங்களில் அவர்களுக்கு உணவு பரிமாற மறுத்தார்கள். உடலும் மனமும் ஒரு சேரத் தளர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் தடத்தில் இறங்கவில்லை. இருபத்தைந்து வயதுக்குள் ஒருவர் வாழ்நாளுக்குப் போதுமான பந்தயங்களை ஓட்டிவிட்டார் என்பதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் இரண்டு பந்தயங்கள் ஓட்டினார். ஒன்று இலக்கை நோக்கி, மற்றொன்று உடன் ஓட்டுபவர்களிடமிருந்து.

1907-இல் மீண்டும் ஐரோப்பா சென்றார். எடை கூடியிருந்தது. பழைய வேகத்தைச் சிறிது மீட்டார். ஆனால் இப்போது பேரம் பேசும் இடத்தில் அவர் இல்லை. ஞாயிறன்றும் ஓட்டச் சம்மதித்தார். அவரைக் குறை கூறுபவர்கள் இதைக் கொள்கை இழப்பு என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. முப்பதை நெருங்கும் வீரர், குடும்பம், குறைந்து வரும் கைப்பணம். அந்த ஞாயிறுகளில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். 1910-இல், தம் முப்பத்திரண்டாம் வயதை எட்டும் முன், ஓய்வு பெற்றார்.

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையில் அவர்களுக்கு அதன் பிறகும் பாதி வாழ்க்கை மிச்சமிருக்கிறது. பதினான்கு வயது முதல் ஒரே ஒரு தொழிலைக் கற்றவன், முப்பத்திரண்டில் அந்தத் தொழில் கைவிட்ட பிறகு என்ன செய்வான்?

டெய்லர் முதலில் படிக்க நினைத்தார். வுஸ்டரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயில விண்ணப்பித்தார். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை என்று இடம் மறுக்கப்பட்டது. அடுத்து, மோட்டார் வாகனங்கள் பெருகி வந்த காலம் என்பதால், காற்றடைக்கத் தேவையில்லாத உலோகச் சுருள் சக்கரம் ஒன்றை வடிவமைத்து, தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். சேமிப்பில் பெரும் பகுதி அதில் போயிற்று. வேறு சில தொழில்களும் கைகொடுக்கவில்லை. இங்கே ஒரு முரண் கவனிக்கத் தக்கது. மிதிவண்டிப் பந்தயத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் மோட்டார் வாகனம்தான். அந்த வாகனத்திலேயே தன் மறுவாழ்வைத் தேடியவரையும் அது கைவிட்டது.

1920-களில் அக்கி நோய் அவரை வாட்டியது. மருத்துவச் செலவுக்கு மனைவியின் நகைகள் போயின. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று வாசகர்களிடம் நிதி திரட்டி அளித்தது. அண்டை வீட்டார் எவ்வளவு வற்புறுத்தியும் விற்காத அந்த வீட்டை, கடைசியில் வறுமை விற்க வைத்தது. டெய்சி தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். முன்பு பாரிஸில் நாகரிக உடையில் படம் எடுத்துக் கொண்ட பெண் அவர்.

இந்த நாள்களில் டெய்லர் ஒரு காரியத்தில் மட்டும் மனம் தளரவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து தன் வரலாற்றை எழுதினார். செய்தித்தாள் நறுக்குகளைச் சேர்த்து வைத்த ஏடுகளே ஆதாரம். உலகின் அதிவேக மிதிவண்டி வீரர் என்ற பொருளில் தலைப்பிட்ட அந்த நூலை 1920-களின் இறுதியில் சொந்தச் செலவிலேயே வெளியிட்டார். தன்னைக் கீழே தள்ளியவர்களின் பெயர்களை அதில் பதிவு செய்தார்; அவர்களை வெறுக்கவில்லை என்றும் எழுதினார். நூல் வெளிவந்த வேகத்தில் பெரும் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலத்தில் முப்பது ஆண்டுக்கு முந்தைய பந்தயக் கதையை வாங்குவோர் யார்?

1930 வாக்கில் டெய்சி பிரிந்து சென்றார். டெய்லர் காரில் புத்தகக் கட்டுகளை ஏற்றிக் கொண்டு சிகாகோவுக்குப் போனார். கறுப்பினத்தவருக்கான ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கி, வீடு வீடாகச் சென்று நூலை விற்றார். கதவைத் திறந்த எத்தனை பேருக்கு, வாசலில் நிற்பவர் ஒருகாலத்தில் உலக சாம்பியன் என்று தெரிந்திருக்கும்? சிறு வயதில் மாடத்தில் நிற்க வைத்த அமைப்பின் பெயரைத் தாங்கிய கூரைதான் கடைசியில் அவருக்கு நிழல் தந்தது.

1932 வசந்தத்தில் இதய நோய் தாக்கியது. குக் கவுன்டி மருத்துவமனையின் இலவசப் பிரிவில் ஜூன் 21 அன்று காலமானார். வயது 53. உடலைப் பெற்றுக் கொள்ள யாரும் வரவில்லை. மனைவிக்கும் மகளுக்கும் செய்தி உரிய நேரத்தில் எட்டவில்லை. மவுண்ட் கிளென்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளுக்கென ஒதுக்கிய பகுதியில், அடையாளக் கல் இல்லாமல் புதைத்தார்கள்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1948-இல் பழைய மிதிவண்டி வீரர்கள் சிலர் ஒன்றுகூடி, ஷ்வின் மிதிவண்டி நிறுவனத்தின் உரிமையாளர் அளித்த பொருளுதவியால், அவர் எச்சங்களைத் தோண்டி எடுத்து, அதே தோட்டத்தில் நல்லதோர் இடத்தில் அடக்கம் செய்தார்கள். வெண்கலப் பலகை ஒன்றும் பதித்தார்கள். தடத்தில் அவரை அடைத்து நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பலகையைப் பதிக்கும்போது பழைய பந்தயங்களை நினைத்துக் கொண்டார்களா என்பது பதிவாகவில்லை.

அவர் தொடங்கி வைத்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், அவர் ஓட்டிய ஆறு நாள் பந்தயத்தின் வாரிசு ஒன்று இன்றும் இருக்கிறது. வீரர்கள் சித்தம் கலங்கி விழும் காட்சிகளைக் கண்ட நியூயார்க் மாநிலம், ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அமைப்பாளர்கள் உடனே இருவர் கொண்ட அணியாக மாற்றி, ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் ஓட்டும்படி செய்தார்கள். மாடிசன் அரங்கில் பிறந்ததால் அந்தப் போட்டிக்கே மாடிசன் என்று பெயர். ஒலிம்பிக்கில் இன்றும் அதைக் காணலாம். நம் திடல்களில் சுற்றியவர்களைக் காக்க எந்தச் சட்டமும் வரவில்லை. தொலைக்காட்சி வந்தது, கம்பம் நடுவது தானாக நின்றுபோனது.

இண்டியானாபொலிஸ் நகரம் 1982-இல் புதிய மிதிவண்டித் தடத்துக்கு மேஜர் டெய்லர் பெயரைச் சூட்டியது. எந்த நகரின் தடத்தில் ஒருகாலத்தில் அவரை நுழைய விடவில்லையோ, அதே நகரம். வுஸ்டர் பொது நூலகத்தின் வெளியே 2008-இல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. மகள் ரீட்டா அதைக் காண இல்லை. நூறாண்டு வாழ்ந்து 2005-இல் மறைந்தார். தந்தையைப் புரிந்து கொள்ளத் தனக்கு நெடுங்காலம் பிடித்தது என்று முதுமையில் அவர் கூறினார். தந்தையின் நறுக்கு ஏடுகளைப் பாதுகாத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவரும் அவரே.

ஜார்ஜ் தெரு இன்னும் அதே செங்குத்தோடுதான் இருக்கிறது. டெய்லர் நினைவாக அங்கே ஏற்றப் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொருவராகத் தனித்தனியே ஏற வேண்டும்; நேரம் குறிக்கப்படும். பக்கத்தில் இடிக்கவோ முன்னால் அடைக்கவோ எவரும் இல்லை.